எல்லாம் நார்மல்

எங்கள் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடிக்கும் அக்காவுக்கு ‘நார்மல் அக்கா’ என்று பெயர் வைத்தது நான்தான். இருபது வருடமாக அந்த ஒரு சொல்லைத் தட்டித் தட்டியே அவர் கீபோர்டில் அதற்குரிய ஆறு ஆங்கில எழுத்தும் அழிந்துபோயிருந்தன. அவர் லீவு போட்ட நாளில் வேறு யாராவது அங்கே உட்கார்ந்தால் எழுத்தைத் தேடித் திண்டாடுவார்கள்.

நான் முன்னால் வரவேற்பு மேஜையில் இருப்பவள். பெயர் எழுதுவது, டோக்கன் கொடுப்பது, தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வது, போன் எடுப்பது எல்லாம் என் வேலை. அந்தச் சொல் என் மேஜையிலும் நாள் முழுக்கப் புழங்கும். போனை எடுத்ததும், “ரிப்போர்ட் நார்மலா மேடம்?” என்பார்கள். அது கேள்வியே இல்லை, வேண்டுதல். வயிற்றில் பிள்ளையோடு வருகிறவர்கள், “நார்மல் டெலிவரி ஆயிடும்ல?” என்று என்னைக் கேட்பார்கள், ஏதோ நான்தான் பிரசவம் பார்க்கப் போகிற மாதிரி. அவசரக்காரர்களிடம் நானே சொல்வேன், “நார்மல்னா சாயங்காலம், அர்ஜென்ட்னா ஒரு மணி நேரம்.” டீ வாங்கப் போகும் வாட்ச்மேன், “நாலு நார்மல், ஒண்ணு சக்கர இல்லாம” என்று எண்ணிக்கொண்டே போவார். அவருடைய மாமியார் இப்போதெல்லாம் நார்மலாகப் பேசுகிறார் என்றால் சண்டை ஓய்ந்தது என்று அர்த்தம். ஒரு தடவை என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போன வீட்டார், “பொண்ணு பாக்க நார்மலா இருக்கு” என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அந்த வரனை நான் வேண்டாம் என்றுவிட்டேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

அக்காவுக்கு மட்டும் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். டாக்டர் பார்த்தார், சொல்ல ஒன்றும் இல்லை. அவ்வளவுதான்.

டைப்ரைட்டிங் சான்றிதழோடு இருபத்துநாலு வயதில் இங்கே வந்தவர். அவருக்குக் கொடுத்திருந்த பின்னறை ஒரு காலத்தில் துணி துவைக்கும் இடம். அடைத்துவிட்ட குழாயின் வாய் இன்னும் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் அவர் பையை மாட்டுவார். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், மேஜைக்குக் கீழே காலால் மிதிக்கும் ஒரு பெடல். டாக்டர் ஸ்கேன் செய்துகொண்டே கழுத்தில் தொங்கும் ரெக்கார்டரில் பேசுவார். அது இங்கே வந்ததும் அக்கா ஹெட்போனை மாட்டிக்கொள்வார். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார், ஓரத்தில் மிதித்தால் தாண்டி ஓடுவார். ஊரில் பெரிய டாக்டரைக் காலால் ஆட்டிவைக்கிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று நான் கிண்டல் செய்வேன். வலதுகால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது, ஒற்றைச் செருப்பு யாரும் விற்பதில்லை என்று அவர் அலுத்துக்கொள்வார்.

வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. கணவர் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவர். பகல் முழுக்க இரைச்சலில் நிற்பதாலோ என்னவோ வீட்டில் வாயே திறக்க மாட்டார். ஒரே மகள், நர்சிங் படிக்கிறாள். ஒருநாள் நான் அக்காவிடம், “எப்படிக்கா அவரோட காலம் தள்ளுறீங்க? பேசவே மாட்டாராமே” என்று கேட்டேன்.

“அவரு பேசாம இருந்தா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். வந்ததும் நாலு வார்த்த பேசினாருன்னாதான் ஏதோ வெவகாரம்னு அர்த்தம்” என்றார்.

அலுவலகத்திலும் அவர் அதே கணக்கைத்தான் கொண்டுவந்தார். பன்னிரண்டு பதிமூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு நாளைக்கு அறுபது பேர் வர ஆரம்பித்த சமயம். கல்லீரல் நார்மல், மண்ணீரல் நார்மல், கிட்னி இரண்டும் நார்மல் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி டாக்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அக்காதான் வழி சொன்னார். எல்லா உறுப்புக்கும் எதிரே ‘நார்மல்’ என்று முன்கூட்டியே அடித்த ஒரு படிவத்தைத் தயார் செய்துகொண்டார். டாக்டர் எது சரியில்லையோ அதை மட்டும் சொன்னால் போதும்; அந்த வரியை மட்டும் அக்கா மாற்றுவார். சொல்லாமல் விட்டதெல்லாம் நார்மல். அந்தக் கோப்புக்கு அவர் வைத்த பெயர் ‘எல்லாம் நார்மல்’. டாக்டர் அன்றைக்கு அவரை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். இத்தனை வருடத்தில் ஒரு ரிப்போர்ட்கூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. அக்காவுக்கு அதில் பெருமை உண்டு, வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் ஒரு மனிதர் பிஸ்கட் டப்பாவோடு வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். புதுச் சட்டை, அதன்மேல் ஒரு கம்பெனி அடையாள அட்டை. ரிப்போர்ட் டைப் செய்கிறவரைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் காதோடு காதாகச் சொன்னார். எங்கள் சென்டரில் அக்காவைத் தேடி வெளியாள் வந்தது அதுதான் முதல் தடவை. அதனால் எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. நானே கூட்டிக்கொண்டு போனேன்.

“டாக்டர் சார் சொன்னாரா, இல்ல நீங்களே செஞ்சீங்களான்னு தெரியலக்கா. யாரா இருந்தாலும் என் குடும்பத்தக் காப்பாத்திட்டீங்க” என்று டப்பாவை மேஜைமேல் வைத்தார்.

அக்காவுக்குப் புரியவில்லை. “நான் என்ன செஞ்சேன்?”

அவர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எனக்கு ஒரு கிட்னிதான்க்கா. இன்னொண்ண என் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன். அது தெரிஞ்சதும் ரெண்டு கம்பெனில வேல இல்லன்னு அனுப்பிட்டாங்க. இந்தக் குடோன் வேலைக்கும் ஸ்கேன் எடுத்துட்டு வரச் சொன்னப்ப, போச்சுன்னுதான் நெனச்சேன். நீங்க ரெண்டும் நார்மல்னு போட்டுக் குடுத்துட்டீங்க. பத்து நாளா வேலைக்குப் போறேன்.”

அக்காவுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அவரை அனுப்பிவிட்டு அலமாரியைத் திறந்தார். பழைய பதிவுகளை ஒரு மாதம்வரை அழிக்காமல் வைத்திருப்பது அவர் வழக்கம். அந்த நாளின் பதிவைத் தேடி எடுத்து, ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி ஓடவிட்டார்.

முதலில் டாக்டரின் வழக்கமான இருமல். பிறகு, “என்னங்க, இந்தப் பக்கம் தழும்பு?”

“தங்கச்சிக்கு ஒண்ணு குடுத்துட்டேன் சார். ஆறு வருஷம் ஆச்சு.”

“அடடே. தங்கச்சி எப்படி இருக்காங்க?”

“ரெண்டாவது கொழந்த பொறந்திருக்கு சார். நார்மல் டெலிவரியே ஆச்சு.”

“பெரிய மனசுங்க உங்களுக்கு. நல்லா இருங்க.” அதன்பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அடுத்த டோக்கன் எண்ணை நர்ஸ் கூப்பிடும் குரல்.

டாக்டர் நெகிழ்ந்துபோய் ரிப்போர்ட்டுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல மறந்துவிட்டார். அக்காவோ, டாக்டர் நோயாளியோடு பேச ஆரம்பித்தாலே பெடலை ஓரத்தில் மிதித்துத் தாண்டிவிடுவார். ஊர்க்கதை, மழை, பேரப்பிள்ளை என்று டாக்டர் ஆயிரம் பேசுவார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் அறுபது ரிப்போர்ட் எப்படி முடியும்? தாண்டிப் போய், சத்தம் இல்லாத இடத்தில் நின்று, ஒன்றும் சொல்லவில்லை என்று பார்த்து, எல்லாம் நார்மல் என்று அச்செடுத்துவிட்டார். டாக்டரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். உடம்பிலேயே இல்லாத ஒரு கிட்னிக்கு நீளம், அகலம் எல்லாம் அளவோடு இருக்கிறது என்று நாங்கள் சான்றிதழ் கொடுத்திருந்தோம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவும் இருந்தது. தப்பு நடந்தது, ஒரு குடும்பத்துக்கு நல்லது நடந்தது, அப்படியே விட்டுவிட வேண்டியதுதானே? அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பதிவை மறுபடி முதலிலிருந்து கேட்டார். பிறகு எழுந்து டாக்டர் அறைக்குப் போனார்.

டாக்டரும் என் கட்சிதான், காரணம்தான் வேறு. “இத இப்பக் கிளறினா கையெழுத்துப் போட்டவன் நான்தானம்மா மாட்டுவேன். அவருக்கும் வேல கெடச்சிருக்கு. காதும் காதும் வெச்ச மாதிரி விட்டுடுங்க.”

“சார், நாளைக்கு குடோன்ல மேலருந்து ஒரு பெட்டி அவர் இடுப்புல விழுதுன்னு வைங்க. ஆஸ்பத்திரில நம்ம பேப்பரத்தான் பாப்பாங்க. ஒரு கிட்னி அடிபட்டுச்சு, எடுத்துடலாம், இன்னொண்ணு நார்மலா இருக்கேன்னு நெனச்சாங்கன்னா?”

“அவரே சொல்வாரேம்மா.”

“மயக்கத்துல இருந்தா?”

டாக்டர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மாட்டினார். இரண்டு நாள் இழுத்தடித்தார். மூன்றாவது நாள் அக்கா திருத்திய ரிப்போர்ட்டை அடித்து, கூடவே தவறு எங்கள் பக்கம்தான் என்று ஒரு கடிதமும் அடித்து, அவர் எதிரிலேயே நின்றுகொண்டார். கையெழுத்து ஆனது.

கம்பெனிக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்த மனிதருக்கு அக்காவே போன் செய்தார். எதிர்முனையில் அவர் கெஞ்சியது என் காதில் விழவில்லை, ஆனால் அக்காவின் பதில்கள் விழுந்தன. “தெரியுதுங்க.” “தெரியுதுங்க.” “அது நான் செஞ்ச உதவி இல்லீங்க, தப்பு.” “என்னால அப்படி வெச்சிருக்க முடியாதுங்க.” போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவப் போனார். ஒரு கிட்னியோடு நன்றாக வேலை செய்ய முடியும், பாரம் தூக்குவதில் மட்டும் கவனம் வேண்டும் என்று டாக்டர் அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்திருந்தார். கம்பெனி அந்த வரியைப் படித்ததாகத் தெரியவில்லை. நாலாம் நாள் அவரை நிறுத்திவிட்டார்கள்.

அன்று மாலை அவர் வந்தார். பெஞ்சில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும், பின்னறை வாசலில் நின்றுகொண்டு வாய்க்கு வந்தபடி கத்தினார். “ஆறு மாசமா வேல இல்லாம இருந்தவன் நான். என் வாயில மண்ணப் போட்டதுல உனக்கு என்ன லாபம்? நீ எல்லாம் ஒரு மனுஷியா? நார்மலா இருக்கறவ செய்யற வேலையா இது?”

அக்கா எழுந்து நின்றார். கடைசிவரை நின்றுகொண்டேதான் இருந்தார். வாட்ச்மேன் வந்து அந்த மனிதரின் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப் போனார். பிரிக்காத பிஸ்கட் டப்பா அக்காவின் அலமாரிமேல் இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

எனக்கும் அக்காமேல் கடுங்கோபம். தன் பெயரில் ஒரு கறை இருக்கக் கூடாது என்பதற்காக ஒருவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவரோடு டீ குடிப்பதை நிறுத்தினேன். மத்தியானம் பின்னறையில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் விட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவர் வீட்டுக் கணக்குப்படி என் மௌனத்துக்கும் எல்லாம் சரி என்று அர்த்தம் எடுத்துக்கொண்டிருப்பாரோ என்று நினைக்கும்போது கோபம் இன்னும் ஏறும்.

அதே வாரத்தில் அவர் ‘எல்லாம் நார்மல்’ கோப்பை அழித்துவிட்டார். புதுப் படிவத்தில் ஒவ்வொரு உறுப்புக்கும் எதிரே வெறும் கோடு. டாக்டர் வாயைத் திறந்து நார்மல் என்று சொன்னால்தான் அந்தக் கோட்டில் அந்தச் சொல் ஏறும். சொல்லாமல் விட்டால் ரிப்போர்ட்டை ஓட்டையோடு அவர் மேஜைக்கே அனுப்பிவிடுவார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “பதினோரு வருஷம் நல்லாத்தானே போச்சு?” என்றார்.

“போச்சுன்னு நாமளா நெனச்சிருக்கோம் சார். இதே மாதிரி இன்னும் எத்தன போச்சோ” என்றார் அக்கா.

டாக்டர் நோயாளிகளோடு பேசுவதையும் அக்கா இப்போது தாண்டுவதில்லை. மழை, பேரப்பிள்ளை, எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். சாயங்கால ரிப்போர்ட் மறுநாள் காலைக்குப் போனது. எல்லோரும் கத்தியது என்னிடம்தான். என் வயிற்றெரிச்சலுக்கு இப்படி இன்னொரு காரணமும் சேர்ந்தது.

இப்படியே ஒன்றரை வருடம். டீ விஷயத்தில் நான் எப்போது இறங்கிவந்தேன் என்று நினைவில்லை. ஒருநாள் வாட்ச்மேன் பழக்கத்தில் என் டம்ளரையும் பின்னறையில் வைத்துவிட்டார், நானும் போய்க் குடித்தேன். ஆனால் அந்த விஷயத்தை நாங்கள் பேசியதே இல்லை.

போன மாதம் ஒரு காலையில், கதவு திறந்த உடனே அந்த மனிதர் வந்து நின்றார். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. இளைத்திருந்தார். வலது இடுப்பைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். அஞ்சு நாளாக வலி, நிற்கவே முடியவில்லை என்று ஒரு டாக்டர் சீட்டை நீட்டினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இடது கிட்னி இல்லை என்று அக்கா அன்று திருத்தி அடித்த ரிப்போர்ட்டை நான் படித்திருந்தேன். அவருக்கு இருப்பதே வலது கிட்னி ஒன்றுதான்.

“எங்க இருந்து வர்றீங்க?” என்று முகவரி எழுதுவதற்காகக் கேட்டேன். இரண்டு பஸ் மாறி வரவேண்டிய இடத்தைச் சொன்னார். அங்கேயே ஒரு ஸ்கேன் சென்டர் இருப்பது எனக்குத் தெரியும். “பக்கத்துலயே ஒண்ணு இருக்கே” என்று வாய்தவறி வந்துவிட்டது.

“இருக்கு” என்றார். கொஞ்சம் தயங்கி, “அந்த அக்கா இருக்காங்களா?” என்று கேட்டார்.

அவர் உள்ளே போனதும் நான் மேஜையை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டுப் பின்னறைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அக்கா மீதி வேலையை ஓரம் கட்டினார். கால் மணி நேரத்தில் ரெக்கார்டர் வந்தது. ஹெட்போனைப் பிடுங்கினார், அன்றைக்குப் போலவே. பெடலை மிதித்தார்.

“இடது கிட்னி இல்லை. தானமாகக் கொடுக்கப்பட்டது.” டாக்டர் இப்போதெல்லாம் தெளிவாகச் சொல்கிறார். அக்கா அடித்தார். “வலது கிட்னி…” என்று நிறுத்தினார் டாக்டர்.

கெட்டது சொல்வதற்கு முன்னால் டாக்டர் இப்படித்தான் நிறுத்துவார் என்று அக்கா முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறார். ரெக்கார்டரில் மிஷினின் ‘உய்’ சத்தம் மட்டும் ஓடியது. அக்கா காலை எடுக்கவில்லை. நான் குழாயின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “கொஞ்சம் திரும்பிப் படுங்க. மூச்ச இழுத்துப் பிடிங்க.” மறுபடியும் ‘உய்’. “விடுங்க.” அப்புறம்தான் அந்தக் குரல் வந்தது. “வலது கிட்னியின் அளவு சற்றுப் பெரிது, ஒற்றைக் கிட்னிக்கு அது இயல்பு. கீழே குழாயில் சின்னதாக ஒரு கல், நாலு மில்லிமீட்டர், தானாக இறங்கிவிடும். மற்றபடி கிட்னி நார்மல்.”

அக்கா பின்னுக்குப் போய் அந்த வரியை மறுபடி கேட்டார். பிறகு அழிந்துபோன அந்த ஆறு எழுத்தையும் ஒற்றை விரலால், ஒவ்வொன்றாகத் தட்டினார்.

டாக்டரின் கையெழுத்து வந்ததும் அவரே அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். இத்தனை வருடத்தில் அவர் வரவேற்புக்கு வந்து ரிப்போர்ட் கொடுத்து நான் பார்த்ததில்லை. அந்த மனிதர் பெஞ்சிலிருந்து எழப் பார்த்தார். அக்கா கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் தாளை வாங்கி, விரலை வைத்து வரிவரியாக இறங்கி, கடைசி வரியில் நின்றார்.

“இது பாத்து அடிச்சதுதானேக்கா?”

“ரெண்டு தடவ கேட்டு அடிச்சேன். சின்னக் கல்லு ஒண்ணு இருக்கு, தண்ணி நெறையக் குடிங்க. கிட்னிக்கு ஒண்ணும் இல்ல.”

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வேல போனது போனதுதான்க்கா. அத என்னால மறக்க முடியாது.”

“மறக்க வேணாம்” என்றார் அக்கா.

“ஆனா வலி வந்ததும், வேற யாரு நார்மல்னு சொன்னாலும் எனக்குத் தூக்கம் வராதுன்னு தோணிச்சு. அதான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்.”

அக்கா உள்ளே போய் அலமாரிமேல் இன்னும் பிரிக்காமல் இருந்த அந்தப் பிஸ்கட் டப்பாவை எடுத்து, தூசியைத் தட்டிவிட்டு வந்து, அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, அதைப் பிரித்தார்.